பொன்னுருவி எங்கே போனாள்?

2013-ல் விஜய் டிவியில் மகாபாரதம் ஓட ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரமே மாறிவிட்டது. என்னோடு வேலை பார்த்த பையன்கள் பாதிப்பேர் செல்போன் முகப்பில் கர்ணன் படத்தை வைத்திருந்தார்கள். அர்ஜுனனாக நடித்த ஷாஹீர் ஷேக்குக்கு இங்கே மட்டுமல்ல, தொடர் ஒளிபரப்பான இந்தோனேசியாவிலும் பெண் ரசிகர் கூட்டம். அங்குள்ள ஒரு சேனல் அவரை வைத்து ‘அர்ஜுனனின் காதல் அம்பு’ என்று பொருள்படும் பெயரில் தனி நிகழ்ச்சியே நடத்தியது. திரௌபதியாக நடித்த பூஜா சர்மாவையும் மக்கள் பாராட்டத்தான் செய்தார்கள், நடிப்பை மட்டும். பாத்திரம் என்று வந்தால் ஒரே தீர்ப்புதான். என் பெரியம்மா சொன்னது: “அவ வாயாலதாண்டா எல்லாம் கெட்டுது. அந்தச் சிரிப்பு சிரிக்காம இருந்திருந்தா சண்ட ஏது? கர்ணனப் பாரு, கொடுக்கறதுக்குன்னே பொறந்தவன்.”

பெரியம்மா செஞ்சிக்காரி. வருஷா வருஷம் திரௌபதி அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். கோயிலில் கும்பிடும் அதே பெண்ணை டிவியில் திட்ட எப்படி முடிகிறது என்பதுதான் என் கேள்வி. பெரியம்மாவைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் அந்தச் சிரிப்பு. எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. நிரலில் ஒரு வரி தப்பாக இருந்தால் அதை எந்த வெர்ஷனில் யார் சேர்த்தது என்று ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம். மகாபாரதத்துக்கு அந்த வேலையைச் செய்தவர்கள் புனே பண்டார்க்கர் நிறுவன அறிஞர்கள். 1919-ல் தொடங்கி 1966 வரை நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு ஒரு செம்பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் துரியோதனன் தண்ணீரில் விழும்போது சிரிப்பவர்கள் பீமனும் தம்பிமார்களும். திரௌபதியும் சிரித்தாள் என்பது பிறகு துரியோதனன் புலம்பும்போது அவன் வாயில் வருகிறது. “குருடன் மகன் குருடன்” என்று அவள் சொல்வதாக எல்லாருக்கும் தெரிந்த வசனம் அதில் கிடையாது. அதை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது 1988-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் தொடர். சுயம்வரத்தில் “சூதனை மணக்க மாட்டேன்” என்று அவள் சொல்வதையும் இடைச்செருகல் என்று பதிப்பாசிரியர்கள் நீக்கிவிட்டார்கள்.

கர்ணன் சபையில் பேசியது மட்டும் அப்படியே இருக்கிறது. ஐந்து பேருக்கு மனைவியானவள் பரத்தை, அவளை ஆடையோடு கொண்டுவந்தால் என்ன, இல்லாமல் கொண்டுவந்தால் என்ன என்கிறான். துகிலை உரியச் சொல்லி துச்சாதனனை ஏவுகிறவனும் அவன்தான். பின்னால் கிருஷ்ணனிடம், அன்று கடுஞ்சொல் சொன்னதற்காக இன்று வருந்துகிறேன் என்று அவனே சொல்கிறான். அவனே தப்பு என்று ஒத்துக்கொண்டதை நாம் “நட்புக்காக”, “அவமானப்பட்டவன் வலி” என்று சமாதானம் சொல்லி மூடுகிறோம். அவன் செய்ததற்குக் காரணம் தேடுகிறோம். அவள் செய்ததையே (செய்யாததையும் சேர்த்து) காரணம் ஆக்கிவிடுகிறோம்.

சரி, செஞ்சிக்கு வருவோம். கோட்டைக்கு வடமேற்கே சில கிலோமீட்டரில் மேலச்சேரி. பழைய செஞ்சி என்றும் சொல்வார்கள். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயில்தான் மற்ற திரௌபதி கோயில்களுக்கெல்லாம் மூலம் என்பது இந்தப் பக்கத்து பக்தர்களின் நம்பிக்கை. செஞ்சிக் காட்டில் அட்டகாசம் செய்த அசுரனை அழிக்க, பாரதப் போர் முடிந்து எத்தனையோ காலம் கழித்து, தீயிலிருந்து மறுபடி எழுந்து வந்தாளாம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988-ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. குருக்ஷேத்திரம் அதற்குப் பிறகுதான்.

இங்கே பாரதம் என்பது கோயில் காரியம். பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. துகிலுரிதல் இரவில் துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். எதிரே நிற்பவர் பெண்வேஷம் கட்டிய ஆண் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்துக்கு அவர் அம்மன். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணால் செய்த பெரிய உருவமாகக் கிடப்பான். அவள் கூந்தலை முடிவாள். அந்த நேரத்தில் “நீ ஏம்மா சிரிச்ச?” என்று யாரும் கேட்க முடியாது. சடங்கு அந்தக் கேள்விக்கு இடம் வைக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்தவுடன் நாம் நீதிபதி ஆகிவிடுகிறோம்.

கூத்து பெண்களை உயர்த்திப் பிடித்தது, டிவி கெடுத்தது என்று முடித்துவிட்டால் சுலபம். அப்படி இல்லை. கூத்தில் கூட்டம் அதிகம் சேரும் இரவுகளில் ஒன்று கர்ண மோட்சம். அங்கேயும் கர்ணன்தான் ஸ்டார். ஆனால் அவனுக்கு எதிரே பொன்னுருவி என்று ஒரு மனைவி நிற்கிறாள். சாகப்போகிறவன் விடைபெற வருகிறான், அவளோ தேரோட்டி வளர்த்தவன் என்று அவனை இழிவாகப் பேசுகிறாள். அவன் வாதாடுகிறான். குந்தி மகன்தான் நான் என்று கடைசியில் பிறப்பைச் சொன்ன பிறகுதான் அவள் மனசு மாறுகிறது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொன்னுருவி பேசுவது சாதித் திமிர், சந்தேகமே வேண்டாம். ஆனால் கூத்து அவளை எப்படி வாயடைக்கிறது? பிறப்பைப் பார்ப்பது தப்பு என்று சொல்லியா? இல்லை, அவனும் க்ஷத்திரியன்தான் என்று சொல்லி. அவள் வைத்த அளவுகோல் அப்படியே இருக்கிறது, அளந்ததுதான் தப்பு. இந்தச் சங்கடம் தெரிவதற்காகவாவது பொன்னுருவி மேடையில் இருக்க வேண்டும். ஹீரோவை நேருக்கு நேர் நின்று எடைபோட ஒரு பெண்ணுக்கு அங்கே பல மணி நேரம் கிடைக்கிறது. கூட்டமும் அவளைத் திட்டிக்கொண்டே கேட்கிறது.

1964 பொங்கலுக்கு பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ வந்தது. சிவாஜி கர்ணன், என்.டி. ராமராவ் கிருஷ்ணன். தமிழ்நாட்டில் இன்றைக்கும் கர்ணன் என்றால் சிவாஜி முகம்தான், 2012-ல் புதுப்பித்து வெளியிட்டபோதும் தியேட்டர் நிறைந்தது. அந்தப் படத்தில் பொன்னுருவி கிடையாது. தேவிகா நடித்த மனைவியின் பெயர் சுபாங்கி. கர்ணனைக் காதலித்து மணக்கிறாள், கடைசிவரை கலங்கிக்கொண்டே இருக்கிறாள். பிறப்பைச் சொல்லி அவமதிக்கும் வேலை அவளுடைய அப்பாவுக்குப் போய்விட்டது. சிவாஜியைப் பார்த்து ஒரு மனைவி “நீ எனக்குச் சமமா?” என்று கேட்டால் கொட்டகை என்ன ஆகியிருக்கும்! பந்துலுவுக்குக் கணக்குத் தெரியும். நடிகரின் கவர்ச்சி கூடக்கூட அவரை மறுக்கும் பெண்ணுக்குக் கதையில் இடம் குறைகிறது. படம் பிரமாதம்தான், நானே அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை.

செஞ்சிக்கென்றே சொந்தமாக ஒரு ஸ்டாரும் உண்டு. தேசிங்கு ராஜா. புந்தேலா ராஜபுத்திரன், நிஜப் பெயர் தேஜ் சிங். அப்பா சொரூப் சிங் இறந்தபின் சில மாதங்கள்தான் கோட்டையை ஆண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, மிகச் சிறிய படையோடு மோதி 1714 அக்டோபரில் செத்தான். வயது இருபத்திரண்டு என்பார்கள். ராஜதந்திரமாகப் பார்த்தால் அது தற்கொலை. கதைப்பாடல் அதை அழகாக்கியது, யாராலும் அடக்க முடியாத குதிரையை அவனுக்குக் கொடுத்தது. 1960-ல் ‘ராஜா தேசிங்கு’வில் எம்.ஜி.ஆர் முகமும் கிடைத்தது. எங்கள் ஊரில் அவனைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. வீரன், அவ்வளவுதான்.

அவன் மனைவி அவனோடு தீயில் இறங்கினாள். பதின்வயதுப் பெண். செத்தவன் எதிரி என்றாலும் அவள் நினைவாக நவாப் பாலாற்றங்கரையில் ஒரு ஊரை உண்டாக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த இராணிப்பேட்டை 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. அவளுக்குக் குதிரை இல்லை, வசனம் இல்லை. அந்த ஊருக்குக் கிடைத்ததும் அவளுடைய பட்டம் மட்டும்தான். சின்ன வயதில் கோட்டைக்குப் போகும்போதெல்லாம் பெரியவர்கள் சிதை மூட்டிய குளக்கரையைக் காட்டி, “இங்கதான், பத்தினி” என்பார்கள். தேசிங்கு ஏன் அப்படிச் சண்டைக்குப் போனான் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தவர்கள், அவள் என்ன நினைத்திருப்பாள் என்று கேட்டால், “அவ என்னத்த நெனைக்கிறது?” என்று மேலே ஏற ஆரம்பித்துவிடுவார்கள்.