தரைக்கும் ஒரு வரலாறு உண்டு

பதுளையிலிருந்து செங்கலடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பசறை. அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் கட்டட வேலை தேடிக் கொழும்புக்குச் செல்வது இன்று வழமையாகிவிட்டது. அவர்களுள் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் பதிக்கும் தொழிலைக் கற்றுக் கொண்டோரும் உள்ளனர். மலையக வரலாறு எனும்போது தேயிலை, சம்பளம், குடியுரிமை ஆகியன பேசப்படுகின்றன. அம்மக்கள் காலூன்றி நின்ற தரையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதனை இங்கு சற்று நோக்குவோம்.

பசறைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமைப் பகுதியில்தான் 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அந்நோய் கோப்பியை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பயிர் மாறியபோதும் தொழிலாளியின் இருப்பிடம் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு, இவை வரிசையாக ஒட்டிய லயம். காம்பிரா போர்த்துக்கேயரிடமிருந்தும் இஸ்தோப்பு ஒல்லாந்தரிடமிருந்தும் வந்த சொற்கள். தரை மட்டும் எவரிடமிருந்தும் வரவில்லை. அது மண். அதனைச் சாணமிட்டு மெழுகியவர்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்களே.

சாணத் தரை புழுதியை அடக்கும். ஆனால் ஊவாவின் மழைக்கும் ஈரத்துக்கும் அது ஈடுகொடுக்காது. ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைவது. அதனால் தோட்டங்களில் இரத்தசோகை பரவியது. 1916 இல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கப்பட்டது. மருந்து மட்டும் போதாது, மலசலகூடமும் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் படிப்பினை. மண்ணுக்கும் காலுக்கும் இடையே என்ன இருக்கிறது என்பது அழகு பற்றிய வினாவன்று, ஆரோக்கியம் பற்றிய வினா.

அதே காலத்தில் பாக்கு நீரிணைக்கு அப்பால் செட்டிநாட்டில் மாளிகைகள் எழுந்துகொண்டிருந்தன. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பணம் அங்கே இத்தாலியப் பளிங்காகவும் ஆத்தங்குடிக் கல்லாகவும் தரையில் விரிந்தது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதன்று. கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சீமெந்தும் இட்டு, நீரில் ஊறவைத்து முதிரச் செய்வது. இலங்கைத் தோட்டத்துறையில் செட்டியார்களின் முதல் பெருமளவு புழங்கியது. திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களின் வறியோர் அத்தோட்டங்களில் உழைத்தனர். ஒரே கடலைக் கடந்த இரு சாராரின் தரைகள் எவ்வளவு வேறுபட்டிருந்தன என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

1924 இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. 1950 இல் காங்கேசன்துறையில் சீமெந்து உற்பத்தி தொடங்கியது. லயங்களின் மண் தரைகள் மெல்ல மெல்லச் சீமெந்துத் தரைகளாயின. ஆயினும் அதற்குச் சற்று முன்னர், 1948 இன் குடியுரிமைச் சட்டம் அத்தரையில் நின்றவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 இன் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கையின்படி பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்தனர். எந்நாளும் வெளியேற்றப்படலாம் என்றிருந்தவன் தரையை அழகுபடுத்த எண்ணுவானா?

1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் நகரங்களில் கட்டட வேலைகள் பெருகின. பளபளக்கும் தரையோடுகள் நடுத்தர வர்க்கத்தின் வீடுகளுக்கும் வந்தன. யாழ்ப்பாணத்தார் இதனை "மாபிள்" என்பர்; தோட்டத்தில் "டைல்ஸ்" என்பர். பதிப்பவர் "டைல் பாஸ்". இந்த "பாஸ்" என்பதும் ஒல்லாந்தச் சொல்லே; தலைவன் என்று பொருள்.

இத்தொழிலின் அரிச்சுவடியை இத்தகைய பாஸ் ஒருவர் எனக்கு விளக்கினார். கையாளாகச் சேர்பவன் முதலில் கற்பது சாந்து குழைத்தலன்று, மட்டம் பார்த்தல். மூன்று, நான்கு, ஐந்து அடி அளந்து மூலையைச் செங்கோணமாக்க வேண்டும். அறையின் நடுவில் குறுக்கும் நெடுக்கும் நூலடித்து, சாந்தின்றி ஒருமுறை அடுக்கிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் வெட்டுத் துண்டுகள் கண்ணில் படாத ஓரத்துக்குச் செல்லும். நீரை உறிஞ்சும் சுவர் ஓட்டைச் சாந்தில் பதிக்குமுன் ஊறவைக்க வேண்டும். இல்லையேல் அது சாந்தின் ஈரத்தைக் குடித்துப் பின்னர் கழன்று விழும். நீரை உறிஞ்சாத போர்சலின் ஓட்டுக்கு அதற்குரிய பசை வேண்டும். சுவரில் அடிவரிசையை இறுதிக்கு விட்டு, மட்டமாகப் பொருத்திய சட்டத்தின்மேல் இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்குவது நன்று. குளியலறைத் தரை வடிகாலை நோக்கி எட்டடிக்கு ஓரங்குலமேனும் சரிய வேண்டும். பதித்தபின் விரலால் தட்டினால் வெற்றொலி கேட்கக்கூடாது. கேட்டால் உள்ளே சாந்து நிரம்பவில்லை. மறுநாள்தான் இடைவெளிகளை அடைக்க வேண்டும்.

பின்னர் அவர் ஒரு கணக்குச் சொன்னார். பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவுக்கு இரண்டடி ஓடு முப்பது போதும், வெட்டாமலே பொருந்தும். "லயத்தைக் கட்டின துரைக்கு டைல்ஸ் தெரியாது ஐயா, ஆனா அளவு சரியா விட்டிருக்காரு" என்றார். அவருடைய காம்பிராவில் இன்றும் சீமெந்துத் தரைதான். லயம் கம்பனியுடையது; அத்தரையில் போடும் பணத்துக்கு எந்தப் பத்திரமும் இல்லை என்பது அவருடைய வாதம். அது நியாயமான வாதமே.

நாடற்றோர் பிரச்சினை 2003 இன் சட்டத்துடன் பெருமளவு தீர்ந்தது. ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு என்னும் திட்டம் பின்னர் வந்தது. இந்திய உதவியுடனும் வீடுகள் எழுந்தன. எனினும் லயங்களில் வாழ்வோர் இன்னும் ஏராளம். மேலும், மலைச்சரிவில் எல்லா நிலமும் வீட்டுக்குரியதன்று. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை நாம் மறக்கவியலாது. அங்கு அபாயம் உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. தரையில் புதிதாக விரியும் வெடிப்பும் இறுகிக்கொள்ளும் கதவும் மண்சரிவின் முன்னறிகுறிகள். தரையைத் தட்டிக் கேட்கப் பழகியவன் இவற்றை மற்றவர்களுக்கு முன்னரே கண்டுகொள்ளக்கூடும்.

இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞருக்குச் சொல்வது ஒன்றுண்டு. கையாளாக அனுபவம் பெற்றோர் அதனை மதிப்பிடச் செய்து தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. வெளிநாட்டிலாயினும் கொழும்பிலாயினும் அச்சான்றிதழ் கூலியைப் பேசும்போது துணைநிற்கும். ஆட்சியாளருக்குச் சொல்வதும் ஒன்றே. பிறர் வீட்டுத் தரையை மட்டம் தவறாமல் பதிப்பவனுக்கு, தன் பெயரில் உறுதியுள்ள, சரியாத ஏழு பேர்ச் நிலம் வேண்டும். முப்பது ஓடுகளை அவன் தானே பதித்துக்கொள்வான்.