கூத்தன் தோண்டிய நன்னீர்க்குளம்

இடையஞ்சாவடியில் வெயில் ஏறுவதற்குள் வண்டியை எடுத்தால், கடற்கரைச் சாலையைப் பிடித்து மரக்காணம் உப்பளத்துக்குக் காலையிலேயே போய்விடலாம். பாத்தியில் உப்பு பூத்துக் கிடக்கும் மாதங்களில் அங்கே கண் கூசும். வரப்பில் நின்று பேசும் ஆட்கள் பக்கத்தில் எப்போதும் ஒரு குடம் இருக்கும், மேலே ஈரத்துணி சுற்றி. சுற்றிலும் தண்ணீர்தான், வாயில் வைக்க ஒரு சொட்டு கிடையாது. இந்த வாரம் நாம் பார்க்கப்போகிற சேனாபதியைப் புரிந்துகொள்ள அந்தக் குடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் மணவில் கூத்தன். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து மணவூர்ப் பக்கம், அரும்பாக்கம் என்ற ஊருக்கு உடையவர். 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனிடம் படைத்தலைவராகச் சேர்ந்தார். பாண்டிய நாட்டுப் போர்களில் பெயர் எடுத்தார். காலிங்கராயன், நரலோகவீரன், பொன்னம்பலக்கூத்தன் என்று பட்டங்கள் அடுக்கடுக்காக வந்தன. கலிங்கப் போர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கருணாகரத் தொண்டைமான். பரணியில் பாடப்பட்ட புண்ணியம் அவருக்கு. கூத்தனுக்கு அப்படி ஒரு பரணி வாய்க்கவில்லை.

அரசர் மாறினால் பழைய மன்னரின் ஆட்களுக்குப் பெரும்பாலும் வாசல் அடைபடும். இவருக்கு அடைபடவில்லை. 1118இல் பட்டத்துக்கு வந்த விக்கிரம சோழனும் இவரைக் கூடவே வைத்துக்கொண்டார். ஒட்டக்கூத்தர் விக்கிரமசோழனுலாவில் மன்னர் பின்னே வரும் பிரமுகர்களை வரிசையாகச் சொல்கிறாரே, அதில் வரும் கலிங்கர்கோன் இவர்தான் என்பது ஆய்வாளர் முடிவு. இரண்டு ஆட்சியிலும் தாக்குப்பிடிக்க வாள் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுச்சேரிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லாமல் விட முடியுமா? கூத்தனுக்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு பின்னால், பெர்த்ராந்து தியூ கெக்லேன் என்ற சிற்றூர்ப் பிரபு வீட்டுப் பிள்ளை பிரான்சு அரசரின் தலைமைத் தளபதி ஆனார், 1370இல். 1380இல் இறந்ததும் அரசர்களை அடக்கம் செய்யும் சேன் தெனி ஆலயத்திலேயே அவருக்கும் இடம் கொடுத்தார்கள். அவருடைய சண்டைகளை ஒருவர் நீண்ட காவியமாகவே பாடிவைத்தார். நம்மவரையும் பாடியிருக்கிறார்கள், கல்லில். சிதம்பரத்திலும் பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகையிலும் வெண்பாக்களாகவே வெட்டியிருக்கிறது. படித்துப் பாருங்கள்: தோற்று ஓடிய பகைவர்கள் அடைமொழியில் வந்து போவார்கள். வெண்பாவின் பாரம் முழுக்கக் கட்டுமானக் கணக்குதான்.

தில்லையில், அதாவது சிதம்பரத்தில், பொன் வேய்ந்தது, நூற்றுக்கால் மண்டபம், திருச்சுற்று மாளிகை, தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதிவைத்தது. திருவதிகையில் அப்பருக்கு ஒரு கோயில். தில்லைத் திருப்பணியை 1128இல் தான் செய்ததாக விக்கிரம சோழன் கல்வெட்டும் சொல்கிறது. அப்படியானால் யார் செய்தது? பணம் மன்னருடையது, ஓட்டம் கூத்தனுடையது என்பது என் ஊகம். மேஸ்திரியிடம் மல்லுக்கு நின்றவர் யார் என்று கல்வெட்டு எழுதுவதில்லை.

இவற்றையெல்லாம் விட என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு சாலை. மாசித் திருநாளில் நடராசர் கடலாட எழுந்தருள்வதற்காகத் தில்லையிலிருந்து கடல்வரை வழி அமைத்தார் கூத்தன். கரையில் மண்டபம் கட்டினார். அதோடு விட்டிருந்தால் அது அரண்மனைக்காரர் வேலை. வழியில் நன்னீர்க்குளமும் தோண்டினார். படை நடத்தியவருக்குத்தான் அந்த யோசனை வரும். ஆயிரம் பேர் நடந்தால் முதலில் கேட்பது தண்ணீர். அதுவும் கடலோர உப்பு மண்ணில்.

மாசி மகத்தன்று இன்றும் மயிலம் முருகர் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கு வருகிறார். தில்லைக்குக் கிழக்கே கிள்ளைக் கரைக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் வருகிறார். சாமி வரும் வழியெல்லாம் பந்தல் போட்டு, பானை வைத்து, நீர்மோர் ஊற்றுகிறார்கள்.