பொத்தியார்க்கு உரிய இடம்

நட்பென்றால் தமிழ்ப் புலவருலகம் பிசிராந்தையாரையே நினைக்கும். 785ஆம் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், ஆந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் கொண்ட நட்பையே சான்று காட்டினார். பாவேந்தரின் ‘பிசிராந்தையார்’ நாடகம் 1969இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. காணாமலே கனிந்த அன்புக்கு அத்துணைப் பெருமை. நாளும் அருகிருந்து பழகிய பொத்தியாரைப் பேசுவோர்தாம் சிலர்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 217ஆம் பாடலும், 220 முதல் 223 வரையுள்ள பாடல்களும் பொத்தியாருடையவை. பெற்ற மக்கள்மேல் போருக்கெழுந்த சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் பாடித் தடுத்தார். மன்னன் பின்னர் வடக்கிருந்தான். பாண்டிநாட்டுப் பிசிரிலிருந்து ஆந்தையார் வருவார், அவர்க்கும் இடம் விடுங்கள் என்றான். அவ்வாறே அவர் வந்தார். பொத்தியார் வியந்து பாடினார்.

உடனுயிர் விடத் துணிந்த பொத்தியாரையோ, அவர் மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்தபின் வருக எனத் திருப்பி அனுப்பினான். மன்னனில்லாத உறையூருக்கு மீண்டவர், யானை மாண்டபின் வெறுங்கூடத்தைக் கண்டழும் பாகனாகத் தம்மைக் கண்டார். ஆந்தையார்க்கு வாய்த்தது நண்பனோடு இறத்தல். பொத்தியார்க்கு வாய்த்தது நண்பன் சொல்லுக்காக உயிர் சுமந்திருத்தல். இவற்றுள் அரியது பின்னதே எனலாம்.

மகன் பிறந்தான். சொன்ன சொல் தவறாது திரும்பிய பொத்தியார், நடுகல்லாகிவிட்ட நண்பனிடம் தமக்குரிய இடம் யாதென வினவினார். இரப்போன் குரலன்று அது, உரிமையுடையான் ஊடல். கல்லான பின்னும் சோழன் இடங்கொடுத்தான் என்கிறது 223ஆம் பாடலின் பழங்குறிப்பு.