எலியும் ஈரலும் அறந்தாங்கி மாமாவும்

அறந்தாங்கி மாமா தன் தம்பிக்கு ஈரல்ல பாதிக்கு மேல கொடுக்கப் போறார்னு முடிவான அன்னிக்கு என்னைத் தனியா கூப்பிட்டு, "மாப்ள, நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே, அறுத்த எடத்துல திரும்ப முளைச்சிருமா?"ன்னு கேட்டார். நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆனா புதுக்கோட்டைப் பக்கம் இன்ஜினியர்னா ஃபேன்ல இருந்து ஈரல் வரைக்கும் பதில் சொல்லியாகணும். "முளைச்சிரும் மாமா"ன்னு சொல்லிட்டேன். அது தப்புன்னு அப்புறம் படிச்சுத்தான் தெரிஞ்சது. அந்தப் பிராயச்சித்தம்தான் இந்தப் பதிவு.

கிரேக்கக் கதையில ப்ரொமீதியஸ் ஈரலை கழுகு தினமும் தின்னும், மறுபடி வளரும். ஈரல் பத்தின எல்லா கட்டுரையும் அதுலதான் ஆரம்பிக்குது, அதனால விட்டுடறேன். விஷயம் சூடு பிடிக்கறது 1931-ல. ஹிக்கின்ஸ், ஆண்டர்சன்னு ரெண்டு பேர் எலியோட ஈரல்ல மூணுல ரெண்டு பங்கை எடுத்துப் பார்த்தாங்க. எலி ஈரல் மடல் மடலா இருக்கும், நூலால கட்டி எடுத்துடலாம். பத்து நாள் போல ஆனதும் எடை கிட்டத்தட்ட பழையபடி வந்துடுச்சு. ஆனா எடுத்த மடல் திரும்ப வரலை. மிச்சம் இருந்த மடல்கள்தான் பருத்திருந்துச்சு.

சரி, சும்மா தூங்கிக்கிட்டிருந்த செல்லுக்கு "எழுந்திரு, ரெண்டாப் பிரி"ன்னு யார் சொன்னது? பாஸ்டன்ல நான்சி புக்கர்னு ஒரு அம்மா. 1951-ல அவங்க குழு எலிகளை ரத்தம் கலக்கற மாதிரி சேர்த்துத் தைச்சு, ஒண்ணோட ஈரலை மட்டும் வெட்டினாங்க. கத்தியே படாத எலியோட ஈரல் செல்லும் பிரிய ஆரம்பிச்சுது! 1967-ல மூல்டன்கூட சேர்ந்து, குழாய் வழியா ரத்தத்தை மாத்தி ஓடவிட்டு அதையே இன்னும் தெளிவா காட்டினாங்க. ஆக, சேதி ரத்தத்துல போகுது. என்ன சேதி, எந்த மூலக்கூறு? அதைப் பிடிக்க இன்னும் 17 வருஷம் ஆச்சு.

1984-ல ஜப்பான்ல நகமுரா, ஈரல் வெட்டின எலிகளோட ரத்தத்துல இருந்து அதைப் பிரிச்சார். அமெரிக்காவுல மிகலோபுலோஸ் குழுவும் அதே சமயத்துல தனியா அங்கே வந்து சேர்ந்தாங்க. பேரு ஹெபடோசைட் குரோத் ஃபேக்டர், சுருக்கமா ஹெச்.ஜி.எஃப். 1988-ல கோடா குழு அதையே மனுஷ ரத்தத்துல இருந்து சுத்தமா எடுத்தாங்க. யாரோட ரத்தம் தெரியுமா? ஈரல் திடீர்னு செயலிழந்த நோயாளிகளோடது. இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உடம்பு "வளரு, வளரு"ன்னு கத்திக்கிட்டே இருந்திருக்கு. கேட்கறதுக்குப் போதுமான செல்தான் மிச்சமில்லை. சித்தப்பா முறையாகற மாமா தம்பியோட நிலைமையும் அதுதான்.

இந்த ஹெச்.ஜி.எஃப் ஈரல் செல்களுக்கு நடுவுல இருக்கற வலையிலயே சும்மா ஒட்டிக்கிட்டிருக்கும். வெட்டு விழுந்ததும் யூரோகைனேஸ் மாதிரி நொதி ஒண்ணு அதை நறுக்கி உசுப்பிவிடும். அது போய் 'மெட்'ங்கற பூட்டுல சாவியா விழும். ஐ.எல்-6, டி.என்.எஃப் ரெண்டும் செல்லை முன்னாடியே தயார்படுத்தி வைக்கும். டி.ஜி.எஃப்-பீட்டா பிரேக் போடறவங்கள்ல ஒருத்தர். பிரேக் இல்லாத லூப் என்ன பண்ணும்னு நம்மாளுங்களுக்குச் சொல்ல வேண்டாம். மெட் முதல்ல 1984-ல கண்டுபிடிக்கப்பட்டதே புற்றுநோய் மரபணுவாத்தான். அதோட சாவி ஹெச்.ஜி.எஃப்னு 1991-லதான் தெரிஞ்சது. அதனாலதான் இதை ஊசியில ஏத்தி எல்லாருக்கும் போட்டுட முடியலை. (தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1954-ல அடையாறு மருத்துவமனையைத் தொடங்கின முத்துலட்சுமி ரெட்டி எங்க புதுக்கோட்டைக்காரங்க. சும்மா ஒரு பெருமைக்கு!)

மருந்து வராட்டி என்ன, கத்தி வந்துச்சு. 1989-ல பிரிஸ்பேன்ல ஒரு தாயோட ஈரல்ல ஒரு துண்டை மகனுக்கு வெச்சு ஜெயிச்சாங்க. இந்தியாவுல 1994-ல உறுப்பு மாற்றுச் சட்டம். 1998 நவம்பர்ல டெல்லியில, காஞ்சிபுரத்துல இருந்து போன 20 மாசக் குழந்தைக்கு அப்பாவோட ஈரல் துண்டு. இங்கே ஜெயிச்ச முதல் ஈரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராவே ஆயிடுச்சு.

எங்க ஆச்சி கடைசி வரைக்கும் "கீழாநெல்லி அரைச்சுக் குடுங்கடா"ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. சிரிக்காதீங்க. 1988-ல சென்னைப் பல்கலைக்கழக தியாகராஜன், நோபல் வாங்கின புளும்பெர்க்கோட சேர்ந்து, மஞ்சள் காமாலை பி வைரஸுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து லான்செட்ல எழுதினார். 37 பேர்ல 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைஞ்சுதாம். பின்னாடி வேற ஊர்கள்ல செஞ்ச சோதனைகள்ல அப்படி வரலை.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு மாமாவோட ஸ்கேனை நானும் பார்த்தேன். வலது பக்கம் அறுத்த இடம் அறுத்த மாதிரியே இருக்கு. இடது பக்கம் பருத்து நிக்குது. எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"அப்ப நான் குடுத்தது குடுத்ததுதானா மாப்ள?"

"ஆமா மாமா."

"சரி, அவன்கிட்ட சொல்லாத. திரும்ப முளைச்சிருச்சுன்னே நெனைச்சுக்கிட்டிருக்கட்டும்."