சக மாணவரின் திருத்தம்: நம் கல்வி மரபில் ஓர் அமானிதம்

ஒரு மாணவர் எழுதியதைச் சக மாணவரே படித்துத் திருத்தி மதிப்பிடும் முறை இன்று உயர்கல்வியில் பரவி வருகிறது. "என்னோடு படிப்பவன் என் பிழையைச் சொல்வதா?" என்று நம் பிள்ளைகளுள் சிலர் மனம் சுருங்குகின்றனர். நம் முன்னோரின் கல்வி வரலாற்றில் இம்முறை புதியதன்று.

இமாம் புகாரீ (ரஹ்) இளமையில் பஸராவில் ஹதீஸ் பயின்ற காலத்து நிகழ்ச்சி ஒன்றை, அவருடன் பயின்ற ஹாஷித் இப்னு இஸ்மாயீல் அறிவித்துள்ளார். பாடத்தில் புகாரீ எதையும் எழுதவில்லை. அதைத் தோழர்கள் குறைகூறி வந்தனர். 16 நாட்களுக்குப் பின், அவர்கள் எழுதியவற்றைக் கொண்டுவருமாறு அவர் கேட்டார். அவற்றில் 15,000-க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் இருந்தன. அனைத்தையும் அவர் மனப்பாடமாக ஓதினார். தோழர்கள் தம் ஏடுகளை அதைக் கொண்டு திருத்திக்கொண்டனர்.

இந்நிகழ்ச்சியை இமாமின் நினைவாற்றலுக்குச் சான்றாகவே நாம் எடுத்துரைக்கிறோம். அந்தத் தோழர்களின் பண்பையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தாம் குறைகூறிய ஒருவரிடமே அவர்கள் திருத்தம் பெற்றனர். அதை மறைக்காமல் ஹாஷிதே பின்வந்தோருக்குச் சொல்லியும் வைத்தார். ஹதீஸ் பிழையின்றி நிலைக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தம் கௌரவத்தைவிடப் பெரிதாக இருந்தது.

எழுதிய ஏட்டை மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை ஹதீஸ் கலையில் 'முகாபலா' என்பர். ஹிஜ்ரீ 463-இல் (கி.பி. 1071) மறைந்த கதீப் அல்பக்தாதீ (ரஹ்), இரு ஹதீஸ்களுக்கு இடையே ஒரு வட்டமிடுவதையும், ஒப்பிட்டு முடித்தபின் அதனுள் ஒரு புள்ளி வைப்பதையும் விரும்பத்தக்கதாகக் கருதினார். புள்ளியில்லா வட்டம், இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பதன் அடையாளம். அந்தச் சிறு புள்ளி ஒரு சாட்சியம்.

தெற்காசிய மத்ரஸாக்களில் இன்றும் நிலவும் 'தக்றார்' இம்மரபின் தொடர்ச்சியே. உஸ்தாத் நடத்திய பாடத்தை மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் விளக்க மற்றவர் கேட்டு, பிழை கண்ட இடத்தில் நிறுத்தித் திருத்துவர்.

எனினும், இதிலுள்ள ஆபத்தையும் நம் அறிஞர்கள் அறிந்திருந்தனர். சமகாலத்தவரிடையே பொறாமை நுழையும்; நட்பு கண்ணை மறைக்கும். கதீப் மறைந்த அதே ஆண்டில் மறைந்த இப்னு அப்தில் பர் (ரஹ்), அறிஞர்கள் ஒருவரையொருவர் குறைகூறுவதை எவ்வாறு அணுகவேண்டும் என்பதற்கே தம் நூலில் ஒரு தனிப் பகுதியை ஒதுக்கினார். தக்க ஆதாரமின்றி அத்தகைய குறையை ஏற்கலாகாது என்பது அவர் கருத்து. மேலும், திருத்துவதில் தோழருக்குப் பங்கு இருந்தது. கற்பிக்க அனுமதிக்கும் 'இஜாஸா'வோ ஆசிரியரின் கையிலேயே இருந்தது. திருத்தத்தையும் தீர்ப்பையும் அவர்கள் ஒன்றாகக் குழப்பவில்லை.

ஆகவே, தோழனின் கட்டுரை நம் பிள்ளையின் கைக்கு வரும்போது அது ஓர் அமானிதம் என்று நாம் சொல்லிக்கொடுப்போம். நண்பன் என்பதற்காக மதிப்பெண்ணைக் கூட்டுவதும், போட்டியாளன் என்பதற்காகக் குறைப்பதும் பொய்ச் சாட்சிக்கு ஒப்பானவை. தன் பிழையைப் பிறர் காட்டும்போது, பஸராவின் அந்தத் தோழர்களைப் போல் ஏட்டைத் திறந்து திருத்திக்கொள்ளும் பணிவையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக. ஆமீன்.