துப்பறியும் நாவல்களில் பழியும் சான்றும்

முன்னுரை

கொலை மர்ம நாவல்கள் வாசகர்க்கு மனநிறைவு தருவது எதனால் என்னும் வினாவுக்கு, குற்றவாளி அகப்படுவதே காரணம் எனப் பலரும் கூறுவர். குற்றமற்றோர்மீது படிந்த ஐயம் நீங்குவதே அந்நிறைவின் அடிப்படை என்பதை இக்கட்டுரை ஆங்கில, தமிழ்ச் சான்றுகளால் நிறுவ முயல்கிறது.

ஆங்கிலச் சிற்றூர்

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' 1930இல் வெளிவந்தது. செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரில், பாதிரியாரின் படிப்பறையில் கர்னல் புரோதெரோ கொலையுண்டு கிடக்கிறார். அவரை வெறுக்கக் காரணமுடையோர் ஊரில் பலர். ஆதலின், ஒருவரையொருவர் நன்கறிந்த ஊரில் ஒவ்வொருவரும் ஐயத்திற்கு ஆளாகின்றனர். கொலை செய்யாத துணைப் பாதிரியார்மீது பழி விழவிருந்த வேளையில் மிஸ் மார்ப்பிள் உண்மையை வெளிப்படுத்துகிறார். அவருக்குத் துணைநிற்பது அறிவியற் கருவியன்று. அண்டை அயலாரைப் பல்லாண்டு கவனித்துப் பெற்ற பட்டறிவே.

தமிழ் மரபு

பழிக்கும் சான்றுக்கும் உள்ள இவ்வுறவு தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அயலூரானாகிய கோவலன்மீது பொற்கொல்லன் பழி சுமத்துகிறான். முறையாக ஆராயாமலே தண்டனை நிறைவேறுகிறது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்னும் சான்று அவையில் வெளிப்படுகையில் காலம் கடந்துவிட்டது. சான்று பிந்தியதால் விளைந்தது அவலம். அது உரிய காலத்தில் வந்துசேரும் கதையே துப்பறியும் நாவல் எனலாம்.

நாட்டார் கதைகளைத் தொகுத்த நடேச சாஸ்திரி, 1894இல் 'தானவன்' கதைகளை வெளியிட்டு இவ்வகைக்கு வழிகோலினார். அடுத்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வெளிவந்த ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' நாவலில், கொலைப்பழி சுமந்த கோபாலனைத் துப்பறியும் கோவிந்தன் மீட்கிறான். கிறிஸ்டியின் களம் சிற்றூர் வரவேற்பறை. ரங்கராஜுவின் களம் காவல்துறையும் நீதிமன்றமும். களம் வேறாயினும், பழி நீங்கும் கணத்தில் வாசகர் பெறும் ஆறுதல் ஒன்றே.

முடிவுரை

இலக்கிய வரலாறுகள் இந்நாவல்களைப் பொழுதுபோக்கு எழுத்து என ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஊர் ஒருவனைக் குற்றவாளி எனத் துணிந்தபின்னும் சான்றுக்காகக் காத்திருக்கவேண்டும் என்னும் அறத்தை, கற்றோர்க்கு மட்டுமன்றிப் பரந்த வாசகர்க்கும் அவை பயிற்றின என்பது எண்ணத்தக்கது. மைசூரு போன்ற பன்மொழிச் சூழலில் பணியாற்றும் தமிழாய்வாளர்கள், என். நரசிம்மய்யா முதலியோரின் கன்னடப் 'பத்தேதாரி' நாவல்களோடு இவற்றை ஒப்பிட்டு ஆராயின், இக்கருத்து மேலும் தெளிவுபெறும்.