இரண்டு டிசம்பர் 26கள்



டிசம்பர் பிறந்தால் நமது வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு படம் தவறாமல் வந்து சேரும். செய்மதியிலிருந்து எடுத்த கடற்கரைப் படம். அலையின் நுரை வளைந்து வளைந்து கிடக்கும். அரபியில் அல்லாஹ்வின் பெயர் தெரிகிறது, எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று கூடவே ஒரு குரல் பதிவும் இருக்கும். நாமும் ஒரு காலத்தில் அனுப்பியிருக்கிறோம். அதனால் யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை.

படம் பொய்யல்ல. 2004 டிசம்பர் 26 அன்று, களுத்துறைக் கரையில் கடல் பின்வாங்கிய வேளையில் எடுக்கப்பட்டது. அடுத்த மாதமே கொழும்பில் நம்மவர் சிலர் அதற்கு விளக்கம் சொன்னார்கள். வழிதவறிய மனிதர்களைத் தண்டிக்க வந்த அலையில் இறைவன் தன் பெயரை இட்டான் என்றார்கள். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் வரைக்கும் அது போனது.

உப்புவெளிக் கரையில் நின்று கேட்போம்: அது யாருக்கு வந்த தண்டனை? கிண்ணியாவில் மாண்டவர்கள் யார்? மூதூரிலும், மருதமுனையிலும், சாய்ந்தமருதிலும் மையவாடிகளில் வரிசையாக அடக்கப்பட்டவர்கள் யார்? கடலுக்கு அப்பால் ஆச்சே மக்கள் யார்? கலிமா சொன்ன வாய்கள்தானே பெரும்பாலும். பால்குடி மாறாத பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? நம் தமிழ்ச் சகோதரர்களும் சிங்களச் சகோதரர்களும் அதே அலையில்தான் போனார்கள்.

இந்த விளக்கத்தில் இன்னொரு கேடும் உண்டு. அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு சுமாத்ராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. 9.1 அளவு நிலநடுக்கம். அலை நமது கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கைக்குழந்தையோடு ஓர் உம்மா மேட்டு நிலத்துக்கு நடந்துபோகப் போதுமான நேரம் அது. ஆனால், இந்து சமுத்திரத்தில் அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தண்டனை என்று சொல்லிக் கதையை மூடிவிட்டால், அந்த இரண்டு மணித்தியாலத்தில் நமக்கு ஏன் எவரும் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்து மூடிவிடும். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களால்தான் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, எச்சரிக்கை முறை வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்ராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் வந்தபோது கரையோர மக்கள் நேரத்தோடு வெளியேறினார்கள். அன்று பெரிய அலை வரவில்லை. வந்திருந்தாலும் நாம் மேட்டில் இருந்திருப்போம்.

இப்படிக் கேட்பது ஈமானுக்குக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். ஹிஜ்ரி 10இல் மதீனாவில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். நபி (ஸல்) அவர்களின் சின்ன மகன் இப்ராஹீம் வபாத்தானார். அதே நாளில் சூரிய கிரகணம். நபியின் பிள்ளை மரணித்ததற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மார்க்கத்தைப் பரப்புகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடைக்குமா? ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலே போதும், ஊரே நம்பியிருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்திலும் அவர்கள் அந்தப் பேச்சை விடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். கிரகணத் தொழுகையும் தொழுதார்கள்.

அந்தப் பாடத்தை நம் முன்னோர் பிடித்துக்கொண்டார்கள். இமாம் புகாரி போன்ற ஹதீஸ் அறிஞர்கள் நபியின் பெயரில் வந்த எல்லாவற்றையும் அப்படியே எழுதவில்லை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவரை நம்பலாமா என்று ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தார்கள். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் இன்னும் ஒரு படி போனார். மூஸா நபியின் படையில் 6 இலட்சம் பேர் இருந்தார்கள் என்று பழைய ஆசிரியர்கள் எழுதியதை எடுத்து, இவ்வளவு பேர் அந்த நிலத்தில் எப்படி நிற்பார்கள், எப்படிப் போரிடுவார்கள் என்று கேட்டார். சொன்னவர் பெரியவர் என்பதற்காகச் செய்தி நடக்கக்கூடியதாகிவிடாது என்றார். தெளிவு பெறாமல் ஒரு செய்தியை நம்பி அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் எச்சரிக்கையையும் நாம் ஓதுகிறோம்.

தீங்கு எப்படி வரும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடைக் கறியில் கட்டி ஒன்று கிடந்தது. அது மலட்டு மாத்திரை என்று கதை கட்டினார்கள். அந்த இரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது, கடைகள் உடைந்தன. அது வெறும் மாவுக் கட்டி என்று பகுப்பாய்வு அறிக்கை பின்னர் சொன்னது. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொன்னார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கலாம் என்றது. அப்போது நாம் அழுததோடு நிற்கவில்லை. ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டோம். 20 நாள் பச்சைப் பிள்ளையையும் எரித்தபோது நம்மோடு சேர்ந்து பிற மதத்தவரும் கேட்டார்கள், வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிந்த ஜனாஸாக்கள் திரும்பவில்லை.

அரசாங்கத்திடம் ஆதாரம் கேட்ட அதே வாய், நம் குழுவில் வரும் குரல் பதிவிடமும் ஆதாரம் கேட்க வேண்டாமா? மற்றவன் நம்மைப் பற்றிச் சொன்னால் வதந்தி, நம்மவன் மற்றவனைப் பற்றிச் சொன்னால் செய்தி என்று இரண்டு தராசு வைத்திருக்க முடியுமா?

இன்னொரு டிசம்பர் 26ஐயும் நினைவுபடுத்துகிறோம். 2019இல், சுனாமியின் பதினைந்தாவது நினைவு நாளில், வளைய சூரிய கிரகணத்தின் பாதை நம் திருகோணமலை மீதே சென்றது. கிரகணம் எப்போது தொடங்கும், வளையம் எப்போது தெரியும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்து வைத்திருந்தார்கள். சொன்ன நேரத்தில் அது வந்தது. கடல் அதன் இடத்தில் இருந்தது. கணக்கு சரியாக இருந்ததால் கிரகணத் தொழுகை அர்த்தமற்றுப் போகவில்லை. இவ்வளவு பிசகாத ஒழுங்கைப் படைத்தவனுக்குத் தலை வணங்குவதற்கு அது இன்னும் ஒரு காரணமானது.

இந்த டிசம்பரிலும் அந்தப் படம் வரும். வந்தால் அனுப்பியவரைக் குழுவில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். தனியாக எடுத்துப் பேசுங்கள்: "காக்கா, இதை யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்?" பிள்ளைகள் நம்மிடம் அதே கேள்வியைக் கேட்டால் அதட்டாமல் பதில் சொல்வோம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்போம்.

அலையில் போன அத்தனை உயிர்களுக்காகவும் துஆ செய்வோம். வஸ்ஸலாம்.